அச்சுக்காரன் சேர்த்த முடிவு

கண்புரை வந்தபின் லென்ஸ் வைத்துப் படிக்க முடிந்தது, எழுத உட்கார்ந்தால் தலைவலி. அதனால் கொடைக்கானலில் என் வீட்டுக்கே ஒரு பெண்ணைத் தட்டச்சுக்கு வரச் சொன்னேன். நான் ஜெர்மன் பார்த்துத் தமிழில் சொல்வேன், அவள் அடிப்பாள். முப்பது வருஷம் ஜெர்மன் சொல்லிக்கொடுத்த தொண்டை, அதுவும் சலித்துவிட்டது.

புத்தகம் ஒன்றும் பெரிய சமாசாரம் இல்லை. நம் பெரிய எழுத்துக் கதைகளைப் போல, பழைய காலத்தில் ஜெர்மன் சந்தைகளில் மலிவாக விற்ற உரைநடைக் காதல் கதை. கடலோடிப் போன கணவன் திரும்பவில்லை. மனைவி சத்திரம் வைத்து, வருகிற யாத்திரிகர் கால்களைக் கழுவுகிறாள். கடைசியில் ஒரு பாதத்தின் தழும்பைத் தொட்டதும் அவன்தான் என்று தெரிந்துகொள்கிறாள்.

தட்டச்சுக்கு வந்தவளின் கணவன் ஐந்து வருஷம் முன் பழனிக்குப் பாதயாத்திரை போனவன், திரும்பவே இல்லை. பாச்சலூரிலிருக்கும் அவள் அண்ணன் வேறொரு சம்பந்தம் பார்த்து, பூசத்துக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார். அவளோ தினமும் கம்ப்யூட்டரைப் போடும் முன் என்னைக் கேட்பாள்: "கதைல அவரு வந்துருவாராங்க டீச்சர்?"

முதல் அச்சில் அவன் வரவே மாட்டான். பின்னால் வந்த அச்சுக்காரர்கள், விற்பனைக்காகச் சேர்த்த முடிவு அது. எனக்குத் தெரியும். அந்தக் கடைசிப் பக்கத்தை அவள் அடித்த அன்றைக்கு இருந்த அலுப்பில், அவளிடம் சொல்லாமல், முன்னுரையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சனியன் பிடித்த சோம்பல்.

மறுநாள் அவள் வரவில்லை. அண்ணனுக்குப் பதில் சொல்லாமல், ஒட்டன்சத்திரம் பக்கம் பாதயாத்திரைக்காரர்களுக்கு வெந்நீர் ஊற்றி எண்ணெய் தடவிவிடும் பந்தலுக்குப் போய்விட்டாள் என்று போனில் தெரிந்தது.

பூசம் முடிந்து வந்தாள். விரல்நுனியெல்லாம் ஊறி உரிந்திருந்தது. முன்னுரையைச் சொல்லத் தொடங்கினேன்: முடிவு பின்னால் சேர்த்தது, மூலத்தில் அவன் வரவில்லை. அவள் நிறுத்தாமல் அடித்தாள். உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும், என்னை மன்னித்துவிடு என்றேன்.

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஆறு நாளுங்க டீச்சர், எத்தன காலு. நாலாம் நாளு, அவரு காலு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்தேன். நெனவுக்கே வரலங்க. வர்ற வழில அண்ணங்கிட்டப் போயி சரின்னு சொல்லிட்டேன். அடுத்த வரி சொல்லுங்க."