சப்வூஃபருக்குள் தலையணைப் பஞ்சு

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் என் காரில்தான் சல்மாவும் வேலைக்கு வருவாள். போன வாரம் நான் டிக்கியில் சப்வூஃபர் என்கிற பெரிய தாள ஸ்பீக்கர் வைத்ததிலிருந்து அவள் முகமே சரியில்லை.

இன்று காலை சொல்லிவிட்டாள். "பாட்டு போட்டா நெஞ்சுல வந்து இடிக்குதுடி. நாளையிலேர்ந்து நான் பஸ்ல போறேன்."

எனக்குத் திக்கென்றது. ஆறு வருடப் பேச்சுத் துணை.

கார் ஆடியோ கடைக்காரருக்குப் போன் போட்டேன். "ஸ்பீக்கர் இருக்கிற பொட்டி சின்னது மேடம். உள்ள தலகாணிப் பஞ்சு வைங்க, பெரிய பொட்டி மாதிரி சவுண்டு வரும்" என்றார்.

நான் நம்பவில்லை. சல்மா நம்பினாள்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் சிதம்பரத்திலேயே ஒரு மெத்தைக் கடைக்குப் போனோம். "எத்தினி தலகாணிக்கு?" என்று கேட்டார் கடைக்கார அக்கா.

"ஒரு ஸ்பீக்கருக்குக்கா" என்றாள் சல்மா.

அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஃபைபர் பஞ்சை எடை போட்டார்.

கடை வாசலிலேயே டிக்கியைத் திறந்து, ஸ்பீக்கரைக் கழற்றி, பெட்டிக்குள் பஞ்சை அடைத்தோம். ஆசையில் அதிகமாகத் திணித்துவிட்டோம். பாட்டு போர்வைக்குள்ளிருந்து வந்தது. பாதியை உருவினோம்.

இடி போய்விட்டது. தாளம் மெத்தென்று, ஆழமாக, தனியாகக் கேட்டது. சல்மா கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டாள்.

"இப்ப சரி. நாளைக்கு எப்பவும் போல என்னைக் கூப்பிட வந்துடு" என்றாள்.

அப்பாடா என்றிருந்தது.

ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு வரிகூடப் பாடாதவள், திரும்பும்போது கடலூர் வரைக்கும் எல்லாப் பாட்டையும் கூடவே பாடிக்கொண்டு வந்தாள்.

இதற்கு எங்கே பஞ்சு வைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.