ஸ்டீபன் வெட்டி எடுத்த பதினோரு வினாடி

பெசன்ட் நகரில் எங்கள் தெருமுனை ஜூஸ் கடைக்காரர் தினமும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "இன்னா மாமா, நேத்து எத்தினி கோல் அட்ச்ச?" நான் கால்பந்தில் தடுப்பாட்டக்காரன். பதினாறு வருடத் தொழிலில் நான் போட்ட கோல்கள் நான்கு. அதில் ஒன்று எங்கள் வலைக்குள்ளேயே. கோல் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் பரிதாபமாகப் பார்ப்பார். "பர்வால்ல, அட்த்த மேட்ச்ல அட்ச்சிடு" என்று சாத்துக்குடியில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடுவார். முன்பெல்லாம் எரிச்சல் வரும். இப்போது பேசாமல் குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

டொரொன்டோவிலும் சிட்னியிலும் உட்கார்ந்து பனியையும் தனிமையையும் எழுதித் தீர்க்கும் தமிழர்களே, உங்கள் ஊருக்குப் பிழைக்க வந்தவன் நான். உருகுவாயின் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பிறந்தவன். பத்தொன்பது வயதில் கிளம்பி சிலியில் நான்கு வருடம், பொலிவியாவில் மூன்று வருடம் ஆடினேன். அங்கே மலை உயரத்தில் பாதி ஆட்டத்தில் மூக்கில் ரத்தம் வரும். பிறகு ஆறு மாத ஒப்பந்தத்தில் சென்னை. அந்த ஆறு மாதம் ஒன்பது வருடமாகிவிட்டது. காரணம் பிலோமினா. கடலோரத்து மீனவக் குடும்பம், பள்ளி ஆசிரியை, என் மனைவி. இந்தக் கட்டுரையின் தமிழைத் திருத்தியவளும் அவளே.

போன வருடம் வலது முழங்காலில் அறுவை சிகிச்சை. இங்குள்ள கிளப் என் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. அந்த நேரம் பார்த்து உருகுவாயில் எங்கள் ஊர் கிளப்பிலிருந்து அழைப்பு வந்தது: ஒரே ஒரு சீசன் வந்து ஆடு, சமீபத்தில் ஆடிய வீடியோ ஒன்று அனுப்பு. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தொழில்முறை ஆட்டக்காரனாக நான் என் ஊர் மைதானத்தில் கால் வைத்ததே இல்லை. அவள் மட்டும் ஞாயிறு தவறாமல் பிளாஸ்க்கோடு அங்கே போய் உட்கார்ந்து, மற்றவர்கள் பெற்ற பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

வீடியோவுக்காக, மாதா கோயில் திருவிழாவையொட்டிப் பள்ளி மைதானத்தில் நடந்த போட்டியில் இறங்கினேன். படமெடுத்தவன் பிலோமினாவின் தம்பி ஸ்டீபன். கல்யாண வீடியோ எடுப்பது அவன் தொழில். எழுபதாவது நிமிடம்வரை முழங்கால் வாய் திறக்கவில்லை. பிறகு, பக்கத்தில் ஆளே இல்லாத இடத்தில், திரும்பும்போது மடிந்து விழுந்தேன். கூட்டத்திலிருந்து மாமியார் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்தபடி மைதானத்துக்குள் ஓடி வந்தார்.

"எவன்டா என் மாப்ளய தட்னது? முன்னால வாடா!"

"யாரும் தட்டல அத்தை, நானே விழுந்தேன்" என்றேன். அவர் நம்பவில்லை. நடுவரையே முறைத்துக்கொண்டிருந்தார்.

நான் காலில் ஐஸ் கட்டிக்கொண்டு கிடந்த மூன்று நாளில், ஸ்டீபன் வீடியோவை முடித்து, கிளப்பின் முகவரி என் போனிலேயே இருந்ததால் அனுப்பியும் விட்டான். போட்டுப் பார்த்தேன். மெதுவோட்டத்தில் என் முகம், ஓரத்தில் ரோஜாப்பூ, பின்னணியில் நாதஸ்வரம். நான் நின்று கையைக் காட்டி ஆட்களை நகர்த்தும் இடங்களில் பாதியைக் காணோம். "சும்மா நின்னுக்கினு கீற, போர் அட்ச்சிது" என்றான். விழுந்ததையும் காணோம்.

"அது எங்கடா?"

"தூக்கிட்டேன் மாமா. நல்ல காரியத்துக்குப் போற வீடியோ. தாலி கட்றப்ப யாராவது தடுக்கி வுழுந்தா அத ஆல்பத்துல வெப்பாங்களா?"

அவன் மீது கோபப்பட முடியவில்லை. மறுநாள் கிளப்பிலிருந்து பதில்: பூ வேலைப்பாடு வேடிக்கைதான், ஆனால் கால் நன்றாக இருக்கிறது, வா. அதற்குள் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

இரண்டு நாள் கிளப்புக்கு உண்மையை எழுதவில்லை. போய்விடலாம் என்றுதான் நினைத்தேன், மறைக்காமல் சொல்கிறேன். ஒரு ஆட்டம், பாதி ஆட்டம், அம்மா பார்க்கும்படி பத்தே நிமிடம் ஆடிவிட்டு விழுந்தால் என்ன? ஆனால் நான் விழுந்தால் என் பின்னால் கோல்கீப்பர் தனியாக நிற்பான். அது தெரிந்தும் களத்தில் நிற்பவன் தடுப்பாட்டக்காரன் இல்லை. ஸ்டீபனிடம் நான் விழுந்த அந்தத் துண்டைக் கேட்டு வாங்கினேன். பதினோரு வினாடி. கிளப்புக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று அனுப்பினேன்.

கிளப் நன்றி சொல்லி இரண்டு வரி எழுதியது. மறுநாள் அம்மா கூப்பிட்டாள். அழுவாள் என்று பயந்தேன். முழங்காலைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. "செருப்போடு ஓடி வருகிறாளே, அந்தப் பெண் யார்?" என்றாள். என் மாமியார் என்றேன்.

"நான் இருந்திருந்தால் அவளை முந்தியிருப்பேன்" என்றாள்.

அம்மா இப்போதும் அந்தப் பதினோரு வினாடியைத் தினமும் பார்க்கிறாள் என்று தங்கை சொல்கிறாள். அத்தை உட்கார்ந்து என் தலையைத் தூக்கி மடியில் வைக்கும் இடத்தோடு அந்தத் துண்டு முடிகிறது. அம்மா அந்த இடத்துக்கு முன்பே நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து போடுகிறாளாம்.