கிழங்கு லீவு

டென்மார்க் என்று ஒரு நாடு இருப்பதே, அங்கிருந்து ஓர் அம்மா கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்குச் சரியாகத் தெரியும். அவரும் என்னைப் போலப் பள்ளி ஆசிரியைதான். நம் நாட்டுப் பள்ளிக்கூடங்கள் எப்படி நடக்கின்றன என்று ஒரு வருடம் தங்கிப் பார்த்துப் படித்துக்கொண்டு போக வந்திருந்தார். ஐம்பதுகளின் கடைசி அது. எனக்கு இங்கிலீஷ் ஓரளவு வரும், வாயும் கொஞ்சம் நீளம். இந்த இரண்டு தகுதிகளை வைத்து, அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல என்னைக் கூட அனுப்பினார்கள்.

அவர் பள்ளிக்கூடங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பாடம் நடக்கும்போது கரும்பலகைப் பக்கமே திரும்ப மாட்டார். தண்ணீர்ப் பானையை யார் நிரப்புவது, பிரம்பு எங்கே இருக்கிறது, கடைசியில் இருக்கும் பிள்ளை ஏன் கடைசியில் இருக்கிறது என்பதெல்லாம்தான் அவருக்கு வேண்டும். வத்தலக்குண்டில் ஒரு தலைமை ஆசிரியர் மாலை போட்டுப் பன்னீர் தெளித்து வரவேற்றார். இவர் மாலையோடு நின்றுகொண்டு கக்கூஸ் எங்கே என்று கேட்டார். அவருக்கு அவசரம் ஒன்றுமில்லை. பெண்பிள்ளைகளுக்கென்று ஒன்று இருக்கிறதா என்று பார்க்கத்தான் கேட்டார். இல்லை. எனக்கு அன்றைக்கே அவரைப் பிடித்துப்போனது.

யாரும் ஜோடித்து வைக்காத பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று சில நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் கொடைக்கானலைத் தாண்டி, மேல்மலையில் போளூர்ப் பக்கம் ஓர் ஓராசிரியர் பள்ளிக்குப் போக அனுமதி கிடைத்தது. பஸ் போகிற மட்டும் போய், அதற்கப்புறம் நடந்தோம். சாமான்களை ஒரு மட்டக்குதிரை சுமந்தது. வழியெல்லாம், இந்தக் குதிரைக்காரர் பள்ளிக்கூடம் போயிருக்கிறாரா என்று கேள், ஏன் போகவில்லை என்று கேள் என்று என்னைத் துளைத்துக்கொண்டே வந்தார்.

நாங்கள் போனது புரட்டாசியில். உருளைக்கிழங்கு தோண்டுகிற சமயம். பெருமழை பிடிப்பதற்குள் கிழங்கு மண்ணைவிட்டு வெளியே வந்தாக வேண்டும் என்பதால் மேல்மலையில் குஞ்சுகுளுவான் வரைக்கும் தோட்டத்தில்தான் நிற்கும். ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் நிறைந்திருந்தது. தலையில் எண்ணெய் வழிய வழியப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வந்திருப்பவர் மேலிடத்து ஆள், பள்ளி காலியாகக் கிடப்பதைப் பார்த்தால் மூடச் சொல்லி எழுதிவிடுவார் என்று நினைத்துக்கொண்டு, வாத்தியார் முந்தின நாள் வீடுவீடாகப் போய்க் கெஞ்சியிருக்கிறார்.

அவர் என்னைத் தனியே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், முன்னால உக்காந்திருக்கே அந்தப் பொண்ணு, இந்த ஊர்ல அஞ்சாவது வரைக்கும் வந்த பொண்ணு அது ஒண்ணுதாங்க. நல்லாப் படிக்கும். இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் அனுப்புவேன், நாளைலருந்து தோட்டத்துச் சோலி, அதோட படிப்பு போதும்னு அவ அப்பன் சொல்லிட்டாரு. கெழங்கு தோண்டப் போற பொம்பளப் பிள்ளைக திரும்பி வர்றதில்லீங்க. இந்த அம்மாகிட்டக் கெழங்குப் பேச்சே எடுத்துராதீங்க."

அவருடைய கவலை எனக்குப் புரிந்தது. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? பிள்ளைகளின் நகத்துக்குள் எல்லாம் கறுப்பு மண். வெள்ளனே எழுந்து ஒரு பாத்தி தோண்டிவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். வெளியே அப்பன்மார்கள் பிள்ளைகளை எப்போது விடுவார்கள் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டென்மார்க் அம்மா வாய்ப்பாட்டைக் கேட்டபடியே அந்த நகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாடம் முடிந்ததும், "இப்போது நீங்கள் என்னைக் கேளுங்கள்" என்றார். நான் தமிழில் சொன்னேன். பிள்ளைகள் வாத்தியாரைப் பார்த்தார்கள். கேள்வி கேட்பது வாத்தியாருடைய வேலை என்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். பிறகு அந்தப் பெண் எழுந்தாள்.

"ஒங்க ஊர்ல கெழங்கு யாரு தோண்டுவாக?"

வாத்தியார் முகம் செத்துப்போனது. டென்மார்க் அம்மாவோ, வந்த நாளிலிருந்து நான் பார்க்காத சந்தோஷத்தோடு எழுந்தே விட்டார். "பிள்ளைகள்தான். சின்ன வயதில் நானும் தோண்டியிருக்கிறேன். அதற்கென்றே பள்ளிக்கு லீவு உண்டு. அதற்குப் பெயரே கிழங்கு லீவு."

இதைத் தமிழில் சொல்வதா, வேறு ஏதாவது சொல்லி மழுப்புவதா என்று எனக்கு ஒரு கணம் யோசனை ஓடியது. அந்தப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுடைய அப்பா வாசற்படிக்கே வந்துவிட்டார்.

"கேட்டீகளா வாத்தியாரே? வெள்ளக்கார நாட்டுலயே பிள்ளைகளக் காட்டுக்குத்தான் அனுப்புறாக. எம் பிள்ளைய மட்டும் என்னத்துக்குப் பிடிச்சு வச்சிருக்கீக?"

வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. வேடிக்கை பார்க்க வந்த நாங்கள் ஒரு பெண்ணின் படிப்பில் மண்ணைப் போட்டுவிட்டுப் போகப்போகிறோமே என்று எனக்கு ஆகிவிட்டது. வாத்தியார் என்னிடம் வந்தார்.

"லீவு முடிஞ்சா அந்தப் பிள்ளைக திரும்பி வருதான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க டீச்சர்."

கேட்டேன். டென்மார்க் அம்மாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "ஏன் வராமல்? எல்லாரும் வருவார்கள். வராவிட்டால் வீட்டுக்கு ஆள் வந்துவிடும்." எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அதையும் தமிழில் சொன்னேன்.

வாத்தியார் அந்த அப்பாவைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டுக்கிட்டீங்களா? லீவுன்னா திரும்பி வரணும். நம்ம பள்ளிக்கூடத்துக்கும் இன்னைலருந்து கெழங்கு லீவு. அமாவாசை கழிஞ்ச மறுநா தொறப்பேன். ஒங்க பொண்ணு வருமா, வராதா?"

அப்படி ஒரு லீவு விட அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

"வரும் வரும்" என்றார் அப்பா, ஆளை விட்டால் போதும் என்கிற மாதிரி.

"அப்ப கற்பூரத்த அணைச்சுச் சொல்லுங்க."

வரப்புத் தகராறு, மாடு காணாமல் போனது என்று எதுவானாலும் அந்த மலையில் கடைசிப் பேச்சு அதுதான். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்ன சொல்லை மீறினால், மேற்கொண்டு சாமி பார்த்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வைத்திருந்த கற்பூரத்தை எடுத்து, ஓர் ஓட்டுச்சில்லில் வைத்து வாத்தியார் பற்றவைத்தார். அப்பா சும்மா இல்லை. "அந்தம்மா சொன்னது நெசமான்னு யாருக்குத் தெரியும்? மொதல்ல அவுக அணைக்கட்டும்" என்றார். நியாயம்தானே. நான் அவசர அவசரமாக விளக்கினேன். டென்மார்க் அம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, முழங்காலில் உட்கார்ந்து படாரென்று அடித்து அணைத்தார். பிறகு கையை ஊதிக்கொண்டே, "லீவு விடுவதற்கு முன்னால் எல்லாப் பள்ளியிலும் இப்படிச் செய்வார்களா?" என்று கேட்டார். அத்தனை கலவரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வாத்தியார் இன்னொரு கட்டி வைத்தார். அப்பா ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து போனார். பிள்ளைகள் விட்டால் போதுமென்று தோட்டத்தைப் பார்த்து ஓடினார்கள்.

அமாவாசை கழிந்த மறுநாள் நாங்கள் அங்கே இருந்தாக வேண்டும் என்று டென்மார்க் அம்மா ஒற்றைக் காலில் நின்றார். எதைப் பார்க்காமல் போனாலும் இதைப் பார்க்காமல் ஊருக்குப் போக முடியாது என்றார். எனக்கும் ஆவல்தான், ஆனால் நம்பிக்கை இல்லை. மழை தொடங்கிவிட்டிருந்தது. வழுக்கி விழுந்து எழுந்து போய்ச் சேர்ந்தோம்.

வாத்தியார் தண்டவாளத் துண்டில் மணி அடித்தார். பையன்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சின்னப் பெண்கள் சிலரும் வந்தார்கள். முன்வரிசையில் ஓர் இடம் காலியாகவே கிடந்தது. வாத்தியார் பாடம் எடுப்பதும் வாசலுக்குப் போய்ப் பார்ப்பதுமாக இருந்தார். டென்மார்க் அம்மா நோட்டை மூடி வைத்துவிட்டார். மழைக்குள் தெரிந்த ஒற்றையடிப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்ப்பட்ட கோபம் எனக்கு, அந்த அப்பன் மேல்.

வெகுநேரம் கழித்து அவள் வந்தாள். தனியாக வந்தாள். தலையில் சாக்கு, முழங்கால் வரை சேறு.

"அப்பா அனுப்பிட்டாராம்மா?" என்று வாத்தியார் கேட்டார்.

"இல்ல சார். பூண்டு நடணும், போகாதேன்னாக. சத்தியத்துக்கு ஒரு தேங்காயை ஒடச்சாச் சரியாப் போகும்னுட்டாக."

"பெறகு நீ எப்பிடி வந்த?"

அவள் என்னையும் டென்மார்க் அம்மாவையும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள். "அன்னைக்கு அப்பா கைய எடுத்த பெறகும் கற்பூரம் கொஞ்சம் எரிஞ்சுக்கிட்டுக் கெடந்துச்சு சார். மிச்சத்த நான்தான் அணைச்சேன். அப்பா சொல்லு தவறுனா சாமி அப்பாவக் கேக்கும். நான் வராட்டி சாமி என்னையத்தான சார் கேக்கும்?"

டென்மார்க் அம்மா என் முழங்கையைத் தொட்டு, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்குவதற்குள் அந்தப் பெண் சாக்கை வெளியே உதறிப் போட்டுவிட்டு, முன்வரிசையில் தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.