ஒரு கே குறைவு

1. எனக்குக் கொடுத்த வேலை

எங்கள் ஊர் இலக்கிய விழாவில் எனக்குக் கொடுத்த வேலை சந்தேகப்படுவது. மேடை, மைக், சாப்பாடு, வரவேற்பு என்று மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். எனக்கு இது. நானாகக் கேட்டு வாங்கவில்லை. கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

போர்ட் பிளேரில் முப்பது வருஷம் கப்பல் டிக்கெட் கொடுத்தவன் நான். எந்த ஆபீஸ் என்று எழுதப் போவதில்லை. வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். மெயின்லேண்ட் போகும் கப்பலில் தீவுக்காரர்களுக்குச் சலுகை டிக்கெட் உண்டு. அதற்கு ஐலேண்டர் கார்டு காட்ட வேண்டும். அந்தக் கார்டு அசலா, ஒட்டு வேலையா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. போட்டோவைப் பார்ப்பேன், ஆளைப் பார்ப்பேன், மறுபடியும் போட்டோவைப் பார்ப்பேன். இப்போது வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களையும் அப்படித்தான் பார்க்கிறேன் என்று என் மனைவி குறைப்படுகிறாள்.

விழா என்றால் பெரிய விழா இல்லை. ஷாதிபூரில் ஒரு சமூகக் கூடம், மூன்று நாள், அறுபது எழுபது பேர். பகலில் எழுத்துப் பயிற்சி. மெயின்லேண்டிலிருந்து ஓர் எழுத்தாளர் வந்து நடத்துவார். அதில் எழுதியவற்றிலிருந்து ஐந்தைப் பொறுக்கி, கடைசி நாள் சாயங்காலம் எழுதியவர்களே மேடையில் வாசிக்க வேண்டும். பிறகு அந்த ஐந்தும் ஒரு சின்னப் புத்தகமாக வரும்.

போன வருஷம் ஒருவர் உருக்கமாக ஒரு கவிதை வாசித்தார். கடைசி இரண்டு வரியை அவர் சொல்வதற்கு முன்பே முன்வரிசையில் இருந்த அம்மாள் ஒருவர் சொல்லி முடித்துவிட்டார். என்றைக்கோ ஒரு வாரப் பத்திரிகையில் வந்த கவிதையாம். எங்கள் மானம் கப்பலேறியது. அதற்கு மட்டும் டிக்கெட் தேவைப்படவில்லை.

அதனால் இந்த வருஷம், விழாவை நடத்தும் விமலா டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"மூர்த்தி பாபு, நீங்கதான் இந்தத் தடவ செக் பண்ணணும். இப்பல்லாம் காப்பி அடிக்கக்கூட வேணாம். போன்கிட்ட கேட்டா அதுவே எழுதிக் குடுத்துடுது. முப்பது வருஷம் கார்டு பாத்த கண்ணு உங்களுக்கு."

பாபு என்றால் இங்கே குமாஸ்தா. ரிட்டயர் ஆனாலும் உதிராது.

2. பனி

முதல் நாள் எழுத்தாளர் ஒரு பயிற்சி கொடுத்தார். நீங்கள் காத்திருந்த ஓர் இடத்தைப் பற்றி வீட்டில் எழுதி, நாளைக் காலையில் கொண்டு வாருங்கள் என்றார். கதையோ கவிதையோ, அவரவர் இஷ்டம்.

மறுநாள் காலை பதினெட்டுத் தாள்கள் என் மேஜைக்கு வந்தன. அரை மணி நேரத்தில் ஒன்றைப் பிடித்தேன். ஒரு பேங்க் ஊழியர் எழுதிய கவிதை. பஸ் ஸ்டாப்பில் காதலிக்காகக் காத்திருக்கிறாராம். மார்கழிப் பனியில் பற்கள் கிடுகிடுக்கின்றனவாம். நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"எந்த பஸ் ஸ்டாப்பு தம்பி?"

"அபர்தீன் பஜார் சார்."

"மார்கழியில அங்க ஃபேன் இல்லாம உக்கார முடியாது. நீங்க எந்தப் பனியில நடுங்குனீங்க?"

"போன்ல அப்படித்தான் சார் வந்துச்சு" என்றார். பொய் சொல்லாததால் அவரை விட்டுவிட்டேன். தாளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

டீச்சர் என்னைப் பாராட்டினார். எழுத்தாளர் கைகுலுக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த தாளை எடுக்கும்போதே இதிலும் என்னவோ இருக்கிறது என்ற எண்ணத்தோடுதான் எடுத்தேன்.

3. மூன்றாம் ஜன்னல்

அடுத்த தாள் கௌசல்யா என்ற பெண் எழுதிய கதை. நாற்பது வயதிருக்கும். சொந்த ஊர் சௌல்தாரி, ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. மூன்று நாள் சுட்டி, அதாவது லீவு, எடுத்துக்கொண்டு கப்பலேறி வந்திருந்தாள். முதல் நாள் பதிவு செய்யும்போது என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அதை அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன். என்னை அப்படிப் பார்ப்பவர்களிடம் ஏதோ கோளாறு இருக்கும் என்பது என் சர்வீஸ் அனுபவம்.

கதையின் தலைப்பு 'மூன்றாம் ஜன்னல்'. ஒரு மகள் அப்பாவைக் கண் ஆபரேஷனுக்குச் சென்னை கூட்டிப்போக டிக்கெட் வாங்க வருகிறாள். நாலு நாள் வரிசை. ஜன்னலுக்குள் ஒரு பாபு. கார்டை வாங்கியதும் லேமினேஷன் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் நெருடிப் பார்க்கிறார். இடம் எத்தனை மிச்சம் என்று யாரும் பார்த்துவிடாதபடி ரிஜிஸ்டர் மேல் ஸ்கேலை வைத்துக்கொள்கிறார். பிரிண்டர் சிக்கினால் டிபன் டப்பா மூடியால் தட்டுகிறார். கவுண்டர் மூட இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்போதே கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைக்கிறார். கண்ணாடி பைக்குள் போனால் அன்றைக்கு அவ்வளவுதான். வரிசையில் எல்லாருக்கும் அது தெரியும். அதற்குப் பிறகு அவர் சொல்வது ஒன்றே ஒன்று: "கத்தம். கல் ஆவோ." முடிந்தது, நாளைக்கு வாருங்கள்.

படித்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஸ்கேல் என்னுடையது. டிபன் டப்பா என்னுடையது. மூன்றாம் ஜன்னல் பதினாறு வருஷம் என்னுடையது. ஆனால் கண்ணாடியைக் கழற்றுவது எனக்கே தெரியாது. வீட்டுக்குப் போன் செய்து கேட்டேன். "ஆமா, பேச்சு போதும்னா கழட்டிடுவீங்க" என்றாள் மனைவி.

எழுத்தாளரும் அந்தத் தாளைப் படித்துவிட்டு, "இது கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்த ஒருத்தர் எழுதினது மாதிரி இருக்கு" என்று வியந்தார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது வாக்குமூலம் மாதிரி கேட்டது.

உள்ளே உட்கார்ந்தவர் யார்? இரண்டாம் ஜன்னல் குமரேசன். பதினாறு வருஷம் என் பக்கத்து நாற்காலி. ப்ரமோஷன் விஷயத்தில் எனக்கும் அவனுக்கும் ஆகாது. ரிட்டயர் ஆனதும் பாக்குத் தோட்டம் வாங்கிப் போய் உட்கார்ந்த இடம் எது? சௌல்தாரி. இவளுடைய ஊரும் சௌல்தாரி. இதற்கு மேல் என்ன வேண்டும்? என்னை மேடையில் வைத்து நாறடிக்க அவன் எழுதிக் கொடுத்து, இவள் பெயரில் அனுப்பியிருக்கிறான். உடனே அவனுக்குப் போன் போட்டேன்.

"குமரேசா, நீ கதையெல்லாம் எழுதுறியாமே?"

"நான் வாழ்க்கையில எழுதுன ஒரே கதை மெடிக்கல் லீவ் லெட்டர்தான்பா. ஏன், என்ன ஆச்சு?"

அவன் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் சந்தேகத்தில் சேர்த்துக்கொண்டேன்.

இன்னொன்றும் கிடைத்தது. கதை முடிவில் ஒரு தப்பு. அப்பாவின் பெயர் மாணிக்கம். ஆதாரில் ஆங்கிலத்தில் இரண்டு கே, ஐலேண்டர் கார்டில் ஒரு கே. பாபு பார்க்கிறார். "ஒரு கே தானே" என்று சொல்லிவிட்டு டிக்கெட் அடித்துக் கொடுத்துவிடுகிறார். எந்த கவுண்டரிலும் இது நடக்காது. பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் அஃபிடவிட் கேட்க வேண்டும். மற்றதெல்லாம் அச்சு அசலாக இருக்க, இது மட்டும் எப்படிப் பொய்யாக இருக்கும்? இரண்டு கை எழுதியிருக்கிறது. முக்கால்வாசி குமரேசன், முடிவு இவள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

டீச்சரிடம் போய், வாசிப்பவர்கள் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடிக்கச் சொன்னேன். டீச்சர் பேனாவை எடுக்கவில்லை.

"அவங்க அப்பா நாளைக்கு கேக்க வர்றாராம். சௌல்தாரிலருந்து. அவங்ககிட்டயே கேட்டுட்டு அடிங்க பாபு. கேக்காம அடிக்காதீங்க."

4. நகம்

டீ இடைவேளையில் கௌசல்யாவை என் மேஜைக்குக் கூப்பிட்டேன்.

"இது நீங்களே எழுதினதா?"

"ஆமா சார்."

"குமரேசன்னு யாரையாவது தெரியுமா? சௌல்தாரில பாக்குத் தோட்டம்."

"தெரியாது சார்."

"ஏதாவது ப்ரூஃப் இருக்கா?"

வாயிலிருந்து வந்துவிட்டது. கதைக்கு என்ன ப்ரூஃப் இருக்க முடியும்? ஆனால் அவள் திகைக்கவில்லை. பையைத் திறந்து ஐலேண்டர் கார்டை எடுத்து மேஜையில் வைத்தாள். இங்கே ப்ரூஃப் என்று யார் கேட்டாலும் கை அந்தக் கார்டுக்குத்தான் போகும். நானும் அதை எடுத்தேன். போட்டோவைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். பிறகுதான் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை என்று கவனித்தேன். என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கட்டைவிரல் நகம் கார்டின் ஓரத்தை நெருடிக்கொண்டிருந்தது.

கார்டைக் கீழே வைத்தேன்.

"என்னைத் தெரியுமா உங்களுக்கு?"

"பேர் பதியறப்பவே தெரியும் சார்."

"இந்த ஸ்கேலு, கண்ணாடி... இதெல்லாம் உள்ள இருந்தவங்களுக்குத்தான் தெரியும். யார் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். உள்ள இருக்கறவங்களுக்கு ஆயிரம் மூஞ்சி. வெளிய நிக்கறவங்களுக்கு ஒரே மூஞ்சிதான். நாலு நாள் அதையே பாத்துட்டு நின்னோம்."

ஆனாலும் முப்பது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? என்னிடம் இன்னும் ஒரு கேள்வி இருந்தது.

"சரி. முடிவு தப்பா இருக்கே? ஒரு கே கம்மின்னா எந்த பாபுவும் டிக்கெட் அடிக்க மாட்டாரு."

"நீங்களும் அடிக்கல சார்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அஃபிடவிட் கேட்டீங்க. வாங்கிட்டு வர்றதுக்குள்ள கப்பல் போயிருச்சு. அடுத்த கப்பலு பதினோரு நாள் கழிச்சு. ஆபரேஷன் தேதி போயிருச்சு. பிளைட்ல போற வசதி எங்களுக்கு எங்க இருந்துச்சு. அப்பாவுக்கு எடது கண்ணு போயிருச்சு. ஒம்பது வருஷம் ஆச்சு."

"அப்புறம் ஏன் இப்படி எழுதினீங்க?"

"கதைதானே சார். கதையிலயாவது அவரு குடுக்கட்டும்னு குடுக்க வெச்சேன்."

நான் அவளுடைய முகத்தை உற்றுப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. மாணிக்கம் என்ற பெயரும் வரவில்லை. கெஞ்சினார்களா, அழுதார்களா, ஒன்றும் தெரியவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அப்படி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருந்தால் ஒருத்தர்கூட நினைவில் நிற்காமல் போயிருப்பார்கள்?

ரூல்படி நான் செய்தது சரி. இன்றைக்கும் அதைச் சொல்வேன். ஆனால் இதை எழுதுவதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உள் அறையில் அதிகாரி இருப்பார். சின்ன எழுத்துப் பிழைக்கு அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் டிக்கெட் அடிக்கலாம். நான் எழுந்து பத்தடி நடந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. எழுந்திருக்கவில்லை. ஒருவேளை கண்ணாடியை ஏற்கெனவே கழற்றியிருப்பேன்.

அவள் கார்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"அப்பாவ வரச் சொல்லிட்டேன் சார். இந்தத் தடவயும் திருப்பி அனுப்பிடாதீங்க."

நான் எழுந்து டீச்சரிடம் போனேன். "அசல்தான்" என்றேன். டீச்சர் பட்டியலில் அவள் பெயரை அப்படியே விட்டார்.

5. வாசிப்பு

கடைசி நாள் கௌசல்யா நான்காவதாக வாசித்தாள். ஸ்கேல் வந்தபோது கூடத்தில் லேசாகச் சிரித்தார்கள். டிபன் டப்பா மூடி வந்தபோது பலமாகச் சிரித்தார்கள். கண்ணாடி பைக்குள் போனபோது பின்வரிசையிலிருந்து ஒருவர் "கத்தம்" என்று குரல் கொடுக்க, கூடமே சேர்ந்து "கல் ஆவோ" என்றது. எல்லாரும் ஏதோ ஒரு வருஷம் அந்த வரிசையில் நின்றவர்கள். சிலர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை.

பிறகு அவள் முடிவை வாசித்தாள். ஒரு கே தானே என்று சொல்லி பாபு டிக்கெட் அடித்துக் கொடுக்கும் இடம். அங்கே யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் அவளுடைய அப்பா கைத்தடியில் தாடையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். என் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டும். கை மூக்கு வரை போனது. இந்தக் கூட்டத்தின் நடுவில் நான் கண்ணாடியைக் கழற்றினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். கையை இறக்கிக்கொண்டேன். மீதியை மங்கலாகவே பார்த்தேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் வந்தவர்கள் என் மேஜையில் இருந்த வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டுப் போனார்கள். கடைசியில் கௌசல்யாவின் அப்பா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கு ஜன்னல் வழியாக அவர் சரியாகப் பார்த்திருக்க மாட்டார். கௌசல்யாவும் சொல்லவில்லை.

"கண்ணு சரியில்ல தம்பி. நீங்களே எழுதிக்கங்க" என்றார்.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். சந்தேகப்படுவது தப்பில்லை, அதற்குத்தான் சம்பளம். சந்தேகப்பட்ட பிறகு நாற்காலியை விட்டு எழுந்து பத்தடி நடக்க வேண்டும். நான் அதைக் கற்றுக்கொண்டபோது எனக்கு நாற்காலி இல்லை.

பேனாவை எடுத்தேன். அந்தப் பதிவேட்டில் அதுவரை மற்றவர்களுக்காக நான் எழுதிய பெயர்களையெல்லாம் ஆபீஸ் வழக்கப்படி இங்கிலீஷில்தான் எழுதி வந்தேன். இந்தப் பெயரைத் தமிழில் எழுதினேன். மாணிக்கம். தமிழில் அதை எழுத ஒரே ஒரு வழிதான் இருக்கிறது.