அளவுக்குக் கொடுத்த கோட்டு

இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியும் எனக்கு இன்னும் பழகாத ஒன்று உண்டு. இங்கே ஆளை முகத்தைச் சொல்லி அடையாளம் காட்ட மாட்டார்கள், சட்டையின் நிறத்தைச் சொல்லித்தான் காட்டுவார்கள். நான் கடைக்குப் போய்த் திரும்பினால் வீட்டுக்காரம்மா கன்னியம்மா வாசலிலேயே நிறுத்திவிடுவார். “டெய்லரம்மா, நீலச்சட்டை ஒண்ணு உன்னத் தேடிகினு வந்துச்சு. அப்பால ஒரு சாம்பச்சட்டை. நீலம் சாயந்தரமா வரேன்னுச்சு. சாம்பலு மூஞ்சியத் தூக்கிகினு பூட்ச்சு.” எங்கள் கமுதிப் பக்கத்தில் ஒரு பெண் வந்து போனால், அவள் யார் மகள், எந்தத் தெரு, அவள் சித்தி கல்யாணத்தில் யார் சண்டை போட்டார்கள் என்பதுவரை சொல்லிவிட்டுத்தான் வந்த காரியத்தைச் சொல்வார்கள். இங்கே அம்மாவும் இல்லை, தெருவும் இல்லை. நீலம், சாம்பல், இளம்பச்சை. ஒரகடம் சாலையில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நிறம்.

ஊரில் இருக்கிற என் சனங்களுக்கும், என்னைப்போல் இங்கே பிழைக்க வந்தவர்களுக்கும் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு ஆளுக்கொன்று பேசுகிறார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகும். ஆகட்டும்.

என் மகனுக்கு இங்கே வேலை கிடைத்து என்னையும் கூட்டிவந்தான். பிறகு கம்பெனி அவனை ஓசூருக்கு மாற்றியது. மருமகள் கூப்பிட்டாள். நான் போகவில்லை. சேரப்பணஞ்சேரியில் ஒரு அறையும் ஒரு தையல் மிஷினும் எனக்கு இருந்தன. கம்பெனிகளில் வேலை செய்கிற விடுதிப் பெண்களுக்கு என் கையை விட்டால் வேறு ஆளும் கிடையாது. இந்த ஊரில் சட்டை என்று சொல்கிற கம்பெனிக் கோட்டு எல்லாம் ஒரே அளவு, ஆம்பிளை அளவு. பதினெட்டு வயசுப் பெண் அதைப் போட்டால் ஆணியில் தொங்குகிற மாதிரி இருக்கும். சுருக்கவும் வழியில்லை. வேலையை விட்டுப் போகும்போது கோட்டைக் கொடுத்தபடியே திருப்பித் தரவேண்டும், கத்திரி பட்டிருந்தால் வாங்க மாட்டார்கள். அதனால் நான் ஒரு நூல்கூட வெட்டாமல் தோள், இடுப்பு, கை எல்லாவற்றையும் உள்பக்கம் மடித்து மடித்துத் தைத்துக் கொடுப்பேன். வெளியே பார்த்தால் அவளுக்கென்றே தைத்தது போல நிற்கும். தையலைப் பிரித்தால் பழைய கோட்டு திரும்பி வந்துவிடும். இதைச் செய்வதற்கு இந்தச் சாலையில் என்னைப்போல் இன்னொருத்தி இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான்.

நிவேதா என்று ஒரு சென்னைப் பெண். டிசைனர். டீக்கடையில் ஒரு விடுதிப் பெண்ணின் கோட்டைப் பார்த்து, அவள் பின்னாலேயே என் வாசலுக்கு வந்துவிட்டாள். கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பி என் மடிப்புகளைப் பார்த்தாள். கண் கலங்கிப்போனாள்.

“ஆன்ட்டி, வெட்டவே கூடாதுன்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?”

“கம்பெனி திட்டும் தாயி.”

அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, “அடக்கத்தப் பாருங்க!” என்று கூட வந்தவனிடம் சொன்னாள்.

சென்னையில் வருஷா வருஷம் பெரிய ஹோட்டலில் நடக்கும் ஃபேஷன் வீக்கை, இந்தத் தடவை புதுமையாக ஒரகடம் சாலையில் காலியாகக் கிடந்த குடோன் ஒன்றில் வைக்கிறார்களாம். வேலை செய்கிறவர்களின் உடைதான் விஷயமாம். “நீங்களும் ஒரு டிசைனர் ஆன்ட்டி” என்று சொல்லி, பால் மாதிரி வெள்ளைத் துணி ஒன்றைக் கொடுத்தாள். அதே மாதிரி ஒரு கோட்டு தைக்கவேண்டும். கூலி எதுவும் பேசவில்லை, மேடையில் என் பெயரைச் சொன்னால் போதும் என்றேன். பெயரோடு ஊரையும் சொல்லவேண்டும், கமுதி என்று. அவள் எழுதிக்கொண்டாள்.

நான் டேப் வைத்துத் தைக்கிறவள் இல்லை. அளவுக்கு ஒரு துணி வேண்டும். அம்பிகாவின் கோட்டைக் கேட்டேன். செங்கத்துக்காரப் பெண், நீலச்சட்டை, நான் தைத்ததிலேயே அழகாக நின்ற கோட்டு அது. அவளிடம் இருந்ததும் அந்த ஒன்றுதான், மற்றது கிழிந்து ஸ்டோருக்குப் போய்விட்டது. மூன்று நாள் லீவில் ஊருக்குப் போகிறவள், கொடுத்தாள். கொடுக்கும்போது என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“டெய்லரம்மா, வியாழக்கெழம செகண்டு ஷிப்டு. அன்னிக்கு என்ன லைன்ல வச்சுப் பாத்துட்டு பர்மனென்ட் பண்றதா வேணாமான்னு எழுதப் போறாங்க. மூணு வருசமா இதுக்குத்தான் கெடக்கறேன். கோட்டுல இருக்கற நம்பர ஸ்கேன் பண்ணாத்தான் லைன்ல உடுவாங்க. வேற ஆளு கோட்டு செல்லாது.”

“வியாழக்கெழம காலையில ஓங் கையில இருக்கும். போயிட்டு வா” என்றேன்.

வீக் என்று பெயர், நடந்தது நாலு நாள். டிசைனர் என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டி, முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். குடோனின் நடுவே இடுப்பு உயரத்தில் நீளமாக ஒரு மேடை. அதில் பெண்பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக நடந்துவந்து கோடியில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை. புதுத்துணி உடுத்தினால் எங்கள் ஊரில் தெருமுழுக்கப் பல்லைக் காட்டிக்கொண்டு போவோம். இவர்கள் துட்டி கேட்கச் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி வந்தார்கள். ஒருத்திக்கு ஒரு கைதான் இருந்தது. சட்டைக்குச் சொல்கிறேன். துணி பற்றவில்லைபோல என்று எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இன்னொருத்தி பாவாடைமேல் ஹெல்மெட்டுகளைக் கோத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். உட்காரும்போது என்ன செய்வாள் என்று முடிவுவரை யோசித்தேன், அவள் உட்காரவே இல்லை.

எனக்குப் பக்கத்தில் ஒரு ஆண் டிசைனர், தாடிக்காரர். சட்டையின் தையல் பிசிறெல்லாம் வெளியே தெரிந்தது. சபையில் பார்த்தும் சொல்லாமல் விடுவது தப்பு அல்லவா, குனிந்து மெதுவாகச் சொன்னேன். “தம்பி, சட்டையத் திருப்பிப் போட்டுருக்கீக.”

அவர் நெஞ்சில் கைவைத்து, “தேங்க் யூ. நீங்க ஒருத்தர்தான் கவனிச்சீங்க” என்றார். “உங்களோட இன்ஸ்பிரேஷன் என்ன மேடம்?”

எதைப் பார்த்துத் தைக்கிறேன் என்று கேட்பதாக விளங்கியது. “அளவுக்குக் குடுக்குற பழைய துணிதான். வேறென்ன?” என்றேன். அவர் அதைப் போனில் எழுதிக்கொண்டார்.

தப்பு நடந்தது புதன்கிழமை. அதைச் சொல்வதற்குமுன் கமுதியில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். நான் தொழில் படித்த புதிதில், பஜாரில் மளிகைக்கடைக்காரர் சம்சாரத்துக்கு ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்துவிட்டு, அளவு ரவிக்கையை மறந்து வைத்துக்கொண்டேன். மறுநாள் கோழி கூவ அந்தம்மா வந்து நின்றார். “புதுசு கெடக்கு களுத. என் அளவுச் சட்டை எங்கடி?” அது இல்லாவிட்டால் அடுத்த ரவிக்கை எப்படித் தைக்கக் கொடுப்பார்? அவர் உடம்பின் அளவு வேறு யாரிடம் இருக்கும்? அன்றிலிருந்து நான் தைத்த துணியை மடித்து, அதற்குள் அளவுத் துணியை வைத்து, சேர்த்துக் கட்டித்தான் கொடுப்பேன். நாற்பது வருஷப் பழக்கம், கை தானாகச் செய்யும். புதன்கிழமை மாலை நிவேதாவின் டிரைவர் வந்து கோட்டு கேட்டபோதும் கை தானாகச் செய்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அம்பிகா குளித்து, பூ வைத்து, கோட்டுக்கு வந்து நின்றாள். நான் அலமாரியைத் திறந்தேன். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். பிறகுதான் டிரைவரிடம் சேர்த்துக் கட்டிக்கொடுத்தது ஞாபகம் வந்து கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் அழவில்லை, “அய்யோ டெய்லரம்மா” என்று மட்டும் சொன்னாள். அது அழுகையைவிட மோசமாக இருந்தது. ஷேர் ஆட்டோ பிடித்து இரண்டு பேரும் குடோனுக்குப் போனோம். அட்டை இல்லாததால் அவளை உள்ளே விடவில்லை. கம்பெனி பஸ் ஒன்றே முக்காலுக்கு அதே சாலையில் வரும். அவள் வாசலில் நின்றுகொண்டாள்.

மேடைக்குப் பின்னால் போனேன். நெட்டையாக ஒரு பெண் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். அவள் உடம்பில் அம்பிகாவின் கோட்டு. முழங்கையில் டீக்கறை, முதுகில் லைன் நம்பர், பையோரத்தில் சூடுபட்ட ஓட்டை. கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டதால் அங்கங்கே ஊசி குத்தி, முதுகைச் சேர்த்துப் பிடித்துத் தற்காலிகமாக ஓட்டுத்தையல் வேறு போட்டிருந்தார்கள். நான் மூன்று ராத்திரி கண்விழித்துத் தைத்த வெள்ளைக் கோட்டு? பவுடர் சிந்தாமல் இருக்க அவள் மடியில் விரித்திருந்தார்களாம். இப்போது ஒரு நாற்காலியில் கிடந்தது.

“தாயி, இது அளவுக் கோட்டு. நாந் தச்சது அது.”

நிவேதா என் கையைப் பிடித்தாள். “தெரியும் ஆன்ட்டி. அந்த வெள்ளைய உறையாக் குடுத்திருக்கீங்க. உள்ள இதை வச்சு! பிரிச்சுப் பாத்தப்ப எனக்கு சிலிர்த்துப் போச்சு.”

“இதுக்குச் சொந்தக்காரி வாசல்ல நிக்குறா. அவளுக்கு ஷிப்டு.”

“எக்ஸாக்ட்லி!” என்றாள்.

கோட்டு மேடையேறுவது பன்னிரண்டரைக்கு என்று சொன்னது, யாரோ பெரிய ஆள் வரவில்லை என்று தள்ளிப்போனது. ஒரு மணி. ஒன்று இருபது. என்னை இழுத்துப்போய் முதல் வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள். ஒன்று முப்பதுக்கு விளக்கு மாறியது. ஸ்பீக்கரில் கம்பெனிச் சங்கு ஊதியது. நிஜச் சங்கு என்று நினைத்து நான் எழுந்துவிட்டேன். அம்பிகாவின் கோட்டு, அம்பிகா இல்லாமல், மேடையில் நடந்து வந்தது. தாடிக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். அவரைப் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள். மைக்கில் நிவேதாவின் குரல்: “திஸ் இஸ் ஒரகடம் பேச்சியம்மாள்!”

என் பெயர் வந்தது, கமுதி போய்விட்டது. அதற்கு வருத்தப்பட அப்போது நேரமில்லை. ஊர் முழுக்க என்னைப் பார்த்துக் கைதட்டுகிறது, நான் தைக்காத வேலைக்கு அல்ல, மடிப்பு என்னுடையதுதான். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் மரியாதை. ஆனால் கோட்டு திரும்பவும் உள்ளே போய்விடும், படம் எடுப்பார்கள், பஸ் போய்விடும். படியில் கால் வைத்து ஏறினேன். நேராக அந்த நெட்டைப் பெண்ணிடம் போனேன்.

“கையத் தூக்கு தாயி.”

“ஆன்ட்டி, ரிஹர்சல்ல இது இல்லையே?” என்று உதடு அசையாமல் கேட்டாள்.

“இப்ப இருக்கு. தூக்கு.”

முதுகுத் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தேன். உள்ளே அவள் கறுப்புப் பனியனும் பேன்ட்டும் போட்டிருந்தாள், மானம் தப்பியது. கோட்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டேன். கூட்டம் அடித்த கைதட்டலில் குடோனின் தகரம் அதிர்ந்தது. நான் திரும்பிப் பார்க்காமல், மேடையின் நீளத்துக்கும் நடந்து, கோடியில் இறங்கி, ஷட்டர் வழியாக வெளியே போனேன்.

பஸ் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அம்பிகா படிக் கம்பியில் ஒரு கையும் வெளியே ஒரு கையுமாக டிரைவரைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். “அண்ணா, அண்ணா, தோ வந்துட்டாங்கண்ணா!”

“அந்தம்மா நடந்து வர்றதப் பாத்தா அடுத்த ஷிப்டுக்குத்தான் வரும்போல கீது” என்றார் டிரைவர். ஆனாலும் நின்றார்.

அவள் ஓடிவந்து வாங்கி மாட்டினாள். “ஆ! ஊசி குத்துது.”

“குத்தட்டும், ஏறு.”

மறுநாள் வந்து சொன்னாள். கேட்டில் இரும்பைக் கண்டுபிடிக்கிற மிஷின் அவளுக்காக மூன்று தடவை கத்தியதாம், மூன்று ஊசி எடுத்தார்களாம். நாலாவதை லைனில் நிற்கும்போது அவளே கண்டுபிடித்தாளாம், முகத்தை மாற்றாமல் நின்றாளாம். சூப்பர்வைசர், “உன்ன மாதிரி வெறப்பா நின்னு வேல செய்ற ஆளுதான் வேணும்” என்று எழுதிவிட்டாராம். பர்மனென்ட். எனக்குப் பால்கோவா வாங்கி வந்திருந்தாள்.

யாரோ போனில் எடுத்த அந்த வீடியோ அதற்குள் எங்கெங்கோ போயிருந்தது. கன்னியம்மா போனை நீட்டிக்கொண்டு வந்தார். “இன்னா டெய்லரம்மா, உங்க ஊருல மேடையில ஏறி அடுத்தவ துணிய அவுக்கறதுதான் வழக்கமா? எங்க பக்கம் இப்டிலாம் செய்ய மாட்டோம்மே.” அன்று மத்தியானம் கமுதியிலிருந்து என் நாத்தனார் கூப்பிட்டாள். “ஏன் மதினி, அங்குட்டுப் போயி அந்த ஊரு வழக்கமெல்லாம் படிச்சுக்கிட்டீகளாக்கும்? நம்ம பக்கத்துப் பொம்பள இப்பிடிச் செய்வாளா?” இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வாயெடுத்தேன். எந்த ஊர்க்காரியாகச் சொல்வது என்றுதான் குழப்பம். நிவேதாதான் குழப்பமே இல்லாமல் இருந்தாள். “அந்த முடிவ நீங்க முன்னாடியே யோசிச்சு வச்சிருந்தீங்க இல்ல?” என்று கேட்டாள்.

நாத்தனார் தனக்கு வந்த வீடியோவை எனக்கும் அனுப்பியிருந்தாள். திறந்து பார்த்தேன். நான் எழுந்து, சேலையை ஒதுக்கி, படியில் ஏறுகிற இடம்வரை ஓடுகிறது. அதற்குமேல் ஓடாமல், நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. போனைத் தட்டிப் பார்த்தேன், வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன், நகரவில்லை. கோட்டு போய்ச் சேர்ந்துவிட்டது, அம்பிகா லைனுக்குப் போய்விட்டாள். நான் மட்டும் அதில் இன்னும் அப்படியே நிற்கிறேன், வலது கால் மேடையில், இடது கால் தரையில், சேலையைக் கையில் பிடித்தபடி.