ஓப்பன் கிச்சனும் மாமியாரின் சாம்பார்ப்பொடியும்

ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த சுவரை இடித்து இன்றோடு நாலு நாள். புனேயில் எங்கள் விமான் நகரில் இப்போது எல்லா ஃப்ளாட்டிலும் ஓப்பன் கிச்சன்தான் என்று நச்சரித்தது நான்தான். வெளிச்சமும் காற்றும் பிரமாதம், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்று காலை, ராஸ்தா பேட் கடைத்தெருவில் வாங்கிய சாம்பார்ப்பொடி பாக்கெட்டைப் பிரித்து, மாமியார் மதுரையிலிருந்து பொடி போட்டு அனுப்பிய டப்பாவில் வழக்கம்போலக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தால், எதிரே சோபாவில் கணவர். மடியில் லேப்டாப், கண் டப்பாவில்.

"அது அம்மா அரைச்ச பொடி இல்லையா?"

"அது தீர்ந்து மூணு வருஷம் ஆச்சு."

"நேத்துகூட அம்மா கைமணமே தனின்னு சொன்னேனே!"

"சொன்னீங்க. நானும் கேட்டுக்கிட்டேன்."

மனிதர் உடனே அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துப் புகார் சொன்னார்.

மாமியார் என்னைக் கூப்பிட்டார்.

"நான் அனுப்புனதும் கடைப்பொடிதாம்மா. உங்க மாமாவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. எங்க வீட்டுலதான் சுவர் இருக்கே!"

புனேயில் நல்ல கொத்தனார் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். அவசரம்.