அரக்கோணம் ரயிலில் அம்மா சொன்ன பொய்

அம்மா இல்லாத முதல் ஆண்டு முடிகிறது. அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்து, திருத்தணியில் வாழ்க்கைப்பட்டு, எங்கள் ஐவரையும் வளர்த்து ஆளாக்கியவர். நான் மூத்த மகள். காலரா காலத்தில் என்னைத் தூக்கிக்கொண்டு தனியாக ரயிலேறிய அவரது துணிச்சலை உறவினர்கள் கூடும்போதெல்லாம் புகழ்வார்கள். அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார். அடக்கம் என்று நினைத்தோம். அது வெட்கம் என்பதைப் படுக்கையில் விழுந்த பிறகே என்னிடம் சொன்னார்.

யுத்த காலம். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்ததும் ஊரில் வாந்திபேதி பரவியது. கைக்குழந்தையான எனக்கும் கண்டது. தந்தையார் நூல் வாங்கப் பட்டணம் போயிருந்தார். உள்ளூர் வைத்தியர், அரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். நோய் கண்டவர்களை ரயிலில் ஏற்றமாட்டார்கள். அம்மா என்னைப் புடவையில் சுற்றி மறைத்து ஏறினார்.

எதிரே ஒரு முஸ்லிம் பெண்மணி, மடியில் சிறு மகனோடு.

"புள்ளைக்கு என்னாம்மா?"

"பல்லு மொளைக்குதுங்கக்கா. அதான் பேதி."

"நாக்கு வறண்டு கெடக்குதே" என்று தம் தண்ணீர்ச் சொம்பை நீட்டினார்.

தண்ணீரால் பரவும் என்று தெருத்தெருவாகத் தண்டோரா போட்டிருந்தார்கள். அம்மாவுக்குத் தெரியும். நான் வாய் வைத்துக் குடித்தேன். சற்று நேரத்தில் அந்தப் பையனும் அதிலேயே குடித்தான். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் இறக்கிவிடுவார்களே என்று வாய் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நான் தேறினேன். வீடு திரும்பும் முன்பே, அந்தப் பெண்மணி மகனைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடிவந்தார்.

"உன் பொண்ணு தேவலையா?" என்றுதான் முதலில் கேட்டாராம். பிறகு, "எங்கேர்ந்து ஒட்டிகிச்சோ, தெரியலம்மா."

அம்மா அங்கேயே தங்கிவிட்டார். அந்தப் பையனின் துணிகளை அலசினார், அவனுக்கு மருந்து புகட்டினார். உண்மையை மட்டும் சொல்லவில்லை. பையன் பிழைக்கவில்லை. அந்தத் தாய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப் பொறந்தவ மாதிரி இருந்தியே, நீ நல்லா இருக்கணும்" என்றாராம்.

"அந்தம்மா என்னை அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்டி. வாழ்த்திட்டுப் போனாங்க" என்று சொல்லி, அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அம்மாவைக் கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட தம்பி மனைவிக்கும், வீட்டுக்கே வந்து மருந்து கொடுத்த டாக்டருக்கும், தோள் கொடுத்த தெருவாருக்கும் எங்கள் நன்றி. அந்தத் தாயின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அவருக்கு நன்றி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எங்கள் குடும்பம் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறது.